பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது

பாப்பா,

வாட்ச் பெரியம்மா போய் இன்றோடு 26 நாள். போனில் சொன்னபோது "ஐயோ" என்று ஒரு வார்த்தை சொன்னாய், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை. நீ ஜுரத்தில் கிடந்தபோது உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போனவள்தானே நான். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ வீடியோவைத் திறப்பதில்லை, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பேச வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கேமரா கெட்டுவிட்டது என்றாய். மூன்று மாதமாகவா? சரி, விடு.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ட்ரிப்ஸ் சொட்டுக் கணக்கு வரவே வராது (உன் கணக்கு மார்க் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்). 500 மில்லி 8 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு, ஆக மொத்தம் பத்தாயிரம், அதை 480 நிமிஷத்தால் வகு, நிமிஷத்துக்கு 21 என்று மார்பில் குத்தியிருந்த வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். எண்ணி முடித்து நிமிர்ந்தால் முதுகில் ஒரு தட்டு விழும். "சொட்டு ஒழுங்கா விழுதுன்னு போயிடாதடி, ஊசி இருக்கிற கையைத் தொட்டுப் பாரு, அது வீங்கிக் கிடந்தா நீ எண்ணி என்ன பிரயோஜனம்?" அப்புறம் நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை பழக்கிவிட்டேன், எல்லாரிடமும் இதைத்தான் சொன்னேன், என் சொந்த வார்த்தை மாதிரி.

அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான், கொதிக்க வைத்து எடுப்போம், குழாயிலும் தண்டிலும் ஒரே நம்பர் இருக்கும், மாற்றிப் போட்டால் மருந்து கசியும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே நம்பர் என்றுதான் வார்டில் கேலி செய்வார்கள். உனக்குப் பதவி உயர்வு வந்ததை முதலில் அவளிடம்தான் சொன்னேன், அப்பாவுக்குக்கூட அப்புறம்தான். "நம்ம பாப்பாவா!" என்று எத்தனை தடவை கேட்டாள் தெரியுமா. நீ ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

போன வருஷம் பழைய ஆட்கள் எல்லாரும் கூடினோமே, அன்றைக்கு அவள் கை வாட்ச் முழங்கை வரைக்கும் இறங்கி இறங்கி வந்தது. நான் பார்த்தேன் பாப்பா. பார்த்துவிட்டு "இளைச்சு அழகா ஆயிட்டியேக்கா, எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்" என்றேன். காரணமே இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடம்பு எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. 60 கிலோ ஆளுக்கு மூன்று கிலோ, அவ்வளவுதான். அவளோ பத்துக்கு மேல் குறைந்திருப்பாள். தினமும் நடக்கிறேன் என்று சிரித்தாள். நாலு மாதம் கழித்துக் கணையத்தில் என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. கடைசியாகப் பார்க்கப் போனபோது தன் ட்ரிப்ஸைத் தானே எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள், எண்ணுவதை நிறுத்தாமலே, "நீயாவது கேட்பேன்னு நெனச்சேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நீ அனுப்பிய ஆபீஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நீலச் சட்டை கையில் பிடிக்கிறது என்று என்னோடு சண்டை போட்டாயே, இப்போது தோளில் நிற்கவில்லை. தைராய்டு இருந்தாலும் இளைக்கும், சர்க்கரை இருந்தாலும் இளைக்கும், மனசு சரியில்லாவிட்டாலும் இளைக்கும். உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, கையைத் தொட்டுப் பார்க்க முடியவில்லையே.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்கு. காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் ஏறி நின்று பார். எத்தனை கிலோ என்று மட்டும் எழுது, வேறு எதுவும் சொல்ல இஷ்டமில்லை என்றால் வேண்டாம்.

அம்மா