அடுப்பு எரிகிறது, கைப்பேசி ‘அணைந்தது’ என்கிறது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: இரட்டை இண்டக்‌ஷன் அடுப்பு குறித்த புகார்

வணக்கம்.

சிராங்கூன் ரோட்டுக் கடையில் தமிழிலேயே பேசி இந்த அடுப்பை விற்றீர்கள். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். விலை 1,180 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பொருத்தி நான்கு மாதம் ஆகிறது. சமைப்பது என் அம்மா, வயது 74.

போன செவ்வாய்க்கிழமை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே போனதும் சந்தேகம் வந்து என்னை அழைத்தார். நான் வேலையில் இருந்தேன். உங்கள் செயலியைத் திறந்தேன், அடுப்பு எரிவதாகக் காட்டியது. அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். உடனே ‘அணைந்தது’ என்று வந்தது. “அணைச்சிட்டேம்மா, நிதானமா கும்பிட்டுட்டு வாங்க” என்றேன். அவரும் அர்ச்சனை முடித்து நிதானமாகத்தான் வந்தார். தாழ்வாரம் முழுக்கத் தீய்ந்த வாடை. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு அணையவே இல்லை.

உங்கள் தொழில்நுட்பர் வந்து பார்த்தார். வைஃபை சற்று விட்டுப்போயிருக்கும், கைப்பேசியிலிருந்து கட்டளை கிளம்பியதுமே ‘அணைந்தது’ என்று காட்டுவதுதான் செயலியின் அமைப்பு என்றார். தாளில் ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த அமைப்புதான் பழுது என்கிறேன் நான்.

ஜூரோங் தீவில் ஒரு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் 22 வருடமாக ஷிஃப்ட் பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததை. அங்கே ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையிலோ விளக்கு அணைந்திருந்தது. ‘மூடு’ என்ற கட்டளை போனதும் அந்த விளக்கு அணைந்துவிடும். வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. மூடிவிட்டது என்று நம்பி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உலையைக் குளிர்விக்கும் நீரை வெளியேற விட்டார்கள், உலையின் மையம் பாதி உருகியது. எங்கள் ஆலையில் வால்வு கடைசிவரை நகர்ந்து லிமிட் சுவிட்சைத் தொட்டால்தான் திரையில் ‘மூடியது’ என்று வரும். சொன்ன நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அலாரம் அடிக்கும். பருப்புச் சட்டிக்கு அணு உலையை இழுக்கிறேனே என்று நினைப்பீர்கள். தப்பு ஒன்றுதான், சட்டிதான் சின்னது.

அப்புறம் அந்தக் கண்ணாடிப் பலகை. ஈர விரலுக்கு அது மசியாது. சாம்பார் பொங்கி அதன் மேல் வழிந்தால் ‘பீப்’ என்று கத்திவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பூட்டினாலும் அதே பீப், திறந்தாலும் அதே பீப், சூடு ஏறினாலும் அதே பீப். எல்லாப் பொத்தானும் ஒரே வழவழப்பு. அம்மா ஆஃப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதைத் தடவித்தான் இடம் கண்டுபிடிக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கியதும் இறக்கை மடிப்புக்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். அம்மா ஒட்டிய பொட்டும் அதே வேலைதான். ஆனால் அது உங்கள் வேலை.

‘தொடுதிரைதான் இப்போ நவீனம்’ என்றார் உங்கள் விற்பனையாளர். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்குக் கிழக்கே எண்ணெய்க் கப்பலோடு மோதிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்னில் 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரையில் சுக்கான் எந்தக் கட்டுப்பாட்டு மேசையின் வசம் இருக்கிறது என்பதே அவர்களுக்குக் குழம்பிப்போயிருந்தது. பிறகு வேகக் கட்டுப்பாட்டுக்குப் பழையபடி கைப்பிடியே போதும் என்று அந்தக் கடற்படை முடிவு செய்தது.

நான் கேட்பது இதுதான். முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்; அல்லது திருகு குமிழ் உள்ள அடுப்பை உங்கள் செலவில் மாற்றிப் பொருத்துங்கள். செயலியையும் திருத்துங்கள்: அடுப்பிலிருந்து பதில் வரும்வரை ‘கட்டளை அனுப்பப்பட்டது’ என்று மட்டும் காட்டட்டும், பதில் வராவிட்டால் ‘அடுப்போடு தொடர்பு இல்லை’ என்று சொல்லட்டும். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் சட்டம்’ இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். 14 நாளுக்குள் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், தேவைப்பட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போவேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை 11 மணிக்குமேல் அனுப்புங்கள். ஸ்டீம்போட்டுக்கு, அதாவது மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுவதற்கு, வைத்திருந்த சின்ன காஸ் அடுப்பில்தான் இப்போது சமையல்; அதுவரை அம்மாவுக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாடிக்கையாளர்