நான்காம் மாடிக்கு வரும் இரண்டாவது கேபிள் குறித்து

எங்கள் கட்டடத்தின் வலையமைப்பைப் பராமரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கணினிகளை இணைக்கும் பெட்டியான கீழ்த்தள சுவிட்சிலிருந்து நான்காம் மாடிக்கு இரண்டாவது கேபிளை இழுத்து, காசும் வாங்கிவிட்டீர்கள். மேலே எங்கள் சுவிட்சில் அந்தக் கேபிள்களைச் செருகும் இரண்டு போர்ட்டுகளையும் ஒரே குழுவாக்கி, எல்.ஏ.சி.பி.யை ‘ஆக்டிவ்’ என்று வைத்திருக்கிறோம். எல்.ஏ.சி.பி. என்பது இரண்டு கேபிள்களையும் ஒன்றாகப் பயன்படுத்த சுவிட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை; ‘ஆக்டிவ்’ என்றால் அந்தப் பேச்சைத் தானே தொடங்கும். கீழே அதைச் செய்ய வேண்டியது நீங்கள். பாஸ்வேர்ட் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைச் செய்து தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

செய்யாததால் இரண்டாவது போர்ட்டின் விளக்கு மாதக்கணக்கில் செம்மஞ்சளாகவே எரிந்தது. தரவு சுற்றிச் சுற்றி ஓடும் லூப் வரக்கூடாது என்று, சுவிட்சில் உள்ள ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் ஏற்பாடு அதை அடைத்து வைத்திருந்தது. அதன் மேல் குற்றமில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது. போனில் கேட்டதற்கு, “இரண்டு பக்கமும் பாசிவ் போடுங்கள், அதுதான் பாதுகாப்பு” என்றார் உங்கள் ஆள். பாசிவ் என்றால் மற்றப் பக்கம் பேச்சைத் தொடங்கும்வரை காத்திருப்பது. பெண் வீட்டார் கேட்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் கேட்கட்டும் என்று பெண் வீட்டாரும் இருந்தால் கல்யாணம் எப்போது நடக்கும்?

போன வியாழக்கிழமை மாலை உங்கள் தம்பி ஒருவர் வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கீழே அந்த இரண்டு போர்ட்டுகளையும் ‘ஆன்’ என்று கட்டிவிட்டுப் போய்விட்டார். ‘ஆன்’ என்றால் எல்.ஏ.சி.பி. பேச்சே கிடையாது, கேட்காமலே இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். பதில் பேச்சு வராததால் மேலே எங்கள் சுவிட்சுக்கோ அவை இரண்டு தனித்தனிக் கேபிள்கள். ஒன்றில் ஏறிய தரவு மற்றதில் இறங்கியது. பக்கத்திலேயே இருக்கும் சேர்வரை நான்காம் மாடியில் தேடத் தொடங்கியது உங்கள் சுவிட்ச்.

அது மாதக் கடைசி. சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் பாதியில் உறைந்து நின்றன. கணக்குப் பிரிவு அக்கா பென் டிரைவை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினார். சேர்வர் அறைத் திறப்பு காவலாளியிடம், காவலாளி தேநீர்க் கடையில். அக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது நான் அந்த இரண்டாவது கேபிளைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரி. காசு கொடுத்துப் போட்ட கேபிளைப் பிடுங்கினால்தான் அலுவலகம் நடக்கிறது!

இரண்டு கேபிள் போட்டால் ஒரு கோப்பு 2 ஜிகாபிட் வேகத்தில் பறக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ஒருவருடைய ஒரு கோப்பு ஒரு கேபிளில்தான் போகும். நாங்கள் கேட்பது, முழு மாடியும் ஒரே கேபிளில் நெருக்குப்படாமல் இருக்கவும், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கவும்தான். பராமரிப்பு பில் மட்டும் எந்தக் கேபிளும் இல்லாமல் 1ஆம் திகதியே மேலே வந்துவிடுகிறது.

சரி. தயவுசெய்து அந்த இரண்டு போர்ட்டுகளையும் ஒரே வேகம், ஒரே விலான்கள் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி வலையமைப்புகள்), எல்.ஏ.சி.பி. ஆக்டிவ் என்று அமைத்துத் தாருங்கள். வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நான் வந்து நிற்கிறேன். அதுவரை பிடுங்கிய கேபிளின் முனையில் ‘தொட வேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், கூட்ட வரும் அம்மா பாவம் பார்த்துச் செருகிவிடக் கூடாதே என்று.

இப்படிக்கு,
நான்காம் மாடியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன்,
கொள்ளுப்பிட்டி, கொழும்பு 3