கோல்மன்ஸ்காப் போகிறவர்களுக்குச் சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நமீபியப் பயணக் கட்டுரையில், வைரத்துக்காக எழுந்து இப்போது ஆளில்லாமல் மணல் புகுந்து கிடக்கும் கோல்மன்ஸ்காப் ஊரின் படங்கள் பிரமாதம். ஆனால் ‘நாள் முழுக்கச் சுற்றலாம்’ என்று அதில் எழுதியிருப்பதை நம்பி மதியத்துக்கு மேல் போனால் மூடிய கேட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கடற்கரை நகரமான லூடெரிட்ஸிலிருந்து 10 கி.மீ. தூரம்தான் என்றாலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சாதாரணச் சீட்டு பகல் 1 மணியோடு சரி. உதயத்தையும் அஸ்தமனத்தையும் படமெடுக்கத் தனிச் சீட்டு உண்டு, விலை கூடுதல். முந்தின நாளே லூடெரிட்ஸில் விசாரித்து வாங்கிவிடுவது உத்தமம்.

எந்தச் சீட்டானாலும் காலையில் போவதே நல்லது. பாலைவனம் சூடேறியதும் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று கிளம்பும். கோடையில் பிற்பகலில் நிற்கக்கூட விடாது. தார்ச்சாலையின் குறுக்கே மணல் மேடு கட்டிவிடும். காரின் முன்கண்ணாடியும் பெயின்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். வாடகைக் கார் காப்பீட்டில் மணற்சேதம் பெரும்பாலும் சேர்வதில்லை. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

1956-ல் கடைசிக் குடும்பங்களும் போன பிறகு கதவு, ஜன்னல் வழியே புகுந்த மணல்தான் படங்களில் அழகாகத் தெரிவது. ஆபத்தும் அதில்தான். மணலுக்கு அடியில் பலகைத் தரை இருக்கிறது. மரம் பார்வைக்குத் திடமாக இருக்கும்; ஆனால் கடல் மூடுபனியின் உப்பு ஆணிகளைத் தின்றிருக்கும். அறையின் நடுவே பலகை துள்ளும். சுவரோரமாக, ஒவ்வொருவராக நடக்க வேண்டும். மாடிப்படிகளை விட்டுவிடுங்கள். மணல்மேட்டில் ஏறி வாசலைக் கடக்கும்போது நிலைப்படியின் மேல்கட்டை நெற்றி உயரத்துக்கு வந்துவிடும், பலர் இடித்துக்கொள்வது அங்கேதான். இருட்டு மூலையில் கையை விட வேண்டாம். மணலில் புதைந்து கிடக்கும் விரியன் வகைகள் நமீப் பாலைவனத்தில் உண்டு.

கேமரா வைத்திருப்பவர்கள் அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. அகலக்கோண லென்ஸ் ஒன்றைத் தங்கும் விடுதி அறையிலேயே பொருத்திக்கொண்டு போனால் போதும். லென்ஸில் மணல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறிவிடும்; ரப்பர் ஊதியால் ஊதித் தள்ளுங்கள். முக்காலியின் கடைசிக் கண்ணியை முதலில் இழுத்து நீட்டினால் பூட்டு மணலுக்கு மேலேயே நிற்கும். இல்லையென்றால் திரும்பும்போது அது இறுகிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்துக்கும் அறை இருட்டுக்கும் ஒரே படத்தில் இடம் கிடைக்காது. வெவ்வேறு ஒளியளவில் மூன்று படமாவது எடுக்க வேண்டும். படமெடுக்கும் முன்பே அறைக்குள் நடந்து கால்தடம் பதித்துவிட்டால், மறுபடி காற்றடித்து மணல் சீராகும்வரை அந்த அறையில் படம் எடுத்துப் பயனில்லை.

தரையில் மின்னுவதைப் பொறுக்கிப் பையில் போடுவதும் வேண்டாம். பட்டை தீட்டாத வைரத்தை உரிமமில்லாமல் வைத்திருந்தாலே அங்கே குற்றம்.

கட்டுரையில் வைரத்தைக் கண்டுபிடித்தவராக ரயில்வே மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்ஷ் பெயர் மட்டும் இருக்கிறது. 1908-ல் தண்டவாளத்தில் மூடிய மணலை வாரும்போது முதல் கல்லை எடுத்து அவரிடம் காட்டியவர் ஜக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி. ஸ்டாவ்ஷ் அதன்பின் பெரும் பணக்காரரானார். லெவாலாவுக்குச் சன்மானம் எதுவும் கிடைக்கவில்லை. திருத்தம் வெளியிட்டால் நல்லது.

ஒரு வாசகர், திருச்சி