முன்னாள் மாணவர் சங்கம்: 2023–24ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வர இயலாதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அவர்களும் முழுதாகப் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணம் பாதிக்குமேல் போனால் தெரியும்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும், நான்கு முறைதான் கூடியது. மற்ற இரண்டு முறையும் போதிய உறுப்பினர்கள் வராததால் கோரம் இல்லை. சுதந்திர தினத்தில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். ஆசிரியர் தினத்தன்று இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சால்வை அணிவித்தோம். கண் மருத்துவ முகாம் நல்லபடியாக நடந்தது. குடிநீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்டோம். ஆண்டுவிழா டிசம்பரில் நடக்கவில்லை. ஏன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இனி டீச்சரைப் பற்றி.

2023 ஆகஸ்டில் நம் பெரிய டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 90. 1953இல் இருபது வயதுப் பெண்ணாக இந்தப் பள்ளிக்கு வந்து, 1991இல் இங்கேயே ஓய்வு பெற்றவர். நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றலும் கேட்கவில்லை, பெரிய பதவியும் கேட்கவில்லை. அடக்க ஆராதனை அன்று கோயில் நிறைந்திருந்தது. ஆனால் நிறைந்திருந்தவர்கள் ஊரார். நம் சங்க உறுப்பினர்களை நான் விரல் விட்டு எண்ணினேன், இரண்டு கை தேவைப்படவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்று தலைவர் அறிவுறுத்தினார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

டீச்சரின் வாழ்க்கையை இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவர் படித்ததும் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் பாளையங்கோட்டையில், சாராள் தக்கர் அம்மையார் பெயரில் இருக்கும் பள்ளியில். அந்த அம்மையார் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. அவருடைய சகோதரர் சென்னையில், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தில் இருந்தார். அவர் எழுதியதை வைத்துத்தான் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று இங்கிலாந்தில் இருந்த அம்மையாருக்குத் தெரியவந்தது. நடமாட முடியாத உடம்போடு இருந்துகொண்டே அங்கே பலரிடம் சொல்லி உதவி சேர்த்தார். டீச்சர் இதை வகுப்பில் வருஷா வருஷம் சொல்வார். “நம்மளப் பாக்காத ஒருத்தங்க நமக்காக நினைச்சாங்கல்லா” என்பார். துபாயிலும் சென்னையிலும் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபோது ஊராரின் பங்கும் அதில் சேர வேண்டியிருந்தது. டீச்சர் வீடு வீடாகப் போய் அரிசி வாங்கினார் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவருக்குப் புதிய வேலை அல்ல. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களிடம் பல தலைமுறையாக உண்டு. 1903இல் திருநெல்வேலிச் சபை மக்கள் தாங்களே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதை முன்நின்று நடத்திய வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். டீச்சர் வீட்டுக் கலயம் கடைசிவரை அடுப்பங்கரையில் இருந்தது. கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அரிசியை அவரேதான் அள்ளிப் போடுவாராம்.

விடிலிக்கு வந்ததைச் சொல்லாவிட்டால் இந்த அறிக்கை அரைகுறைதான். இங்கே இருக்கிற இளையவர்கள் பலருக்கு விடிலி என்றாலே தெரியாது. பதநீர் காலம் வந்தால் பனையேறிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டுப் பனைவிளைகளுக்குப் போய், ஓலையால் குடிசை போட்டுத் தங்கிவிடும். அதுதான் விடிலி. அப்பா மரம் ஏறுவார், அம்மா பதநீர் காய்ச்சுவாள், பிள்ளைகள் சருகும் விறகும் பொறுக்கும். மாசி, பங்குனியில் வகுப்பு பாதி காலியாகிவிடும். முழுப்பரீட்சைக்கான படிப்பு நடப்பதும் அப்போதுதான். அதனால் பனையேறி வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் கிடந்து, கடைசியில் நின்றுவிடுவார்கள்.

1969இல் நான் நான்காம் வகுப்பு. எங்கள் விடிலி ஊரிலிருந்து மூன்று மைல். ஒரு சனிக்கிழமை மத்தியானம், இடுப்பில் கைக்குழந்தையோடு டீச்சர் தேரிமணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். அம்மா பயந்தே போனாள், பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று. டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பனை நிழலில் உட்கார்ந்து, சிவந்த மணலில் என்னை விரலால் கணக்கு எழுதவைத்தார். தப்பானால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடியும் எழுத வேண்டும். அக்கம்பக்கத்து விடிலிகளிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் வந்து சேர்ந்தோம். பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். அம்மா கொடுத்த கருப்பட்டியில் ஒரு சில்லு மட்டும் எடுத்துக்கொள்வார், அதுவும் குழந்தைக்கு. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். இன்றைக்கு வந்திருப்பது நான் ஒருவன்.

அவர் ஆழ்ந்த விசுவாசி. காலை நான்கு மணிக்கு முழங்காலில் நிற்பார். ஆனால் எங்களில் யாரையும் மதம் மாறச் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேஷம் கட்டிய பிள்ளைகள் காணிக்கை கேட்டு அவர் வாசலுக்கும் போவார்கள். டீச்சர் வெளியே வந்து, “ஏழாம் வாய்ப்பாடு சொல்லு” என்பார். குரங்கு வேஷமோ குறத்தி வேஷமோ, சொல்லி முடித்தால்தான் நாலணா.

இந்தப் பின்னணியோடுதான் ஜெப நோட்டுகளைப் பார்க்க வேண்டும். நான் நேரடியாகப் பொறுப்பேற்ற பணி இது. இதைப் பற்றிச் சில உறுப்பினர்கள் வெளியில் பேசியதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

அக்டோபரில் டீச்சரின் மூத்த பேத்தி என்னை வீட்டுக்கு அழைத்தார். ஒரு பனையோலைப் பெட்டியில் நோட்டுகள். பணியில் இருந்த 38 வருஷத்துக்கும் வருஷத்துக்கு ஒன்று வீதம் எழுதியிருக்கிறார். அவற்றில் 31 கிடைத்தன. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வருஷத்துப் பிள்ளைகளின் பெயர், பேனாவில். அதன் எதிரே சின்னச் சின்னக் குறிப்பு, பென்சிலில். “காதில் சீழ், மருந்து வாங்க வேண்டும்.” “அப்பா பனையிலிருந்து விழுந்தார். இரண்டு மாதம் காசு கேட்கக் கூடாது.” “கழித்தல் வரவில்லை. ஆண்டவரே, எனக்குப் பொறுமை தாரும்.” காரியம் சரியானால் பக்கத்தில் ஒரு டிக். அந்தப் பேத்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காலை ஜெபத்துல எங்க பேர் கடைசிலதான் மாமா வரும். ஆச்சி மொதல்ல நோட்டுல உள்ள பேரெல்லாம் சொல்லி முடிக்கணும். நாங்க பேரப்பிள்ளைங்க ஏழு பேரும் பாதித் தூக்கத்துல உக்காந்திருப்போம். உங்க பேரெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.” ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆன பிறகும் இது நடந்திருக்கிறது. முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். சுடலையும் இசக்கியும் முத்துவும் மீரானும்தான் அதிகம்.

சங்கத்தின் சார்பில் அந்தப் பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். மேல்தட்டில் இடம் இருந்தது. அன்று யோசிக்கவில்லை. அது என் தவறு.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் ஊரில் குளத்துக்கரை உடைந்து பள்ளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள்தான் உள்ளே போக முடிந்தது. பெட்டி ஊறிக் கிடந்தது.

கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, வெயிலும் இல்லை. அப்புறம் என் மனைவி சொன்ன யோசனைதான் நோட்டுகளைக் காப்பாற்றியது. மழைக்காலத்தில் கருப்பட்டி இளகாமல் இருக்க அடுப்புக்கு மேலே புகைப்பரணில் வைப்போம் இல்லையா, அதேபோல் வைத்துப் பார்க்கலாம் என்றாள். தாள்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளைச் செருகி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, எட்டு நாள் இரவும் பகலும் விறகு எரித்தோம். தாள் பழுத்துவிட்டது, புகை வாசனை இன்னும் போகவில்லை. ஆனால் ஒட்டவில்லை, பூஞ்சை பிடிக்கவில்லை.

எழுத்தின் கதை வேறு. பிந்தைய வருஷங்களில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது அப்படியே இருக்கிறது. ப்ளூ பிளாக் மையில் எழுதியது மங்கலாகத் தெரிகிறது. ராயல் ப்ளூ மையில் எழுதிய ஒன்பது நோட்டுகளில் பெயர்கள் கரைந்து வெறும் நீலக் கறையாகிவிட்டன. பென்சில் கரையாது. ஆகவே அந்த ஒன்பது நோட்டுகளிலும் டீச்சரின் குறிப்பு இருக்கிறது, டிக் இருக்கிறது, யாருக்காக என்பது இல்லை.

உலர்ந்த நோட்டுகள் எல்லாவற்றையும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தேன். அதற்குச் சங்கப் பணத்திலிருந்து செலவு செய்தது உண்மை. செயற்குழுவில் முன்னதாக ஒப்புதல் வாங்கவில்லை என்பதும் உண்மை. ஜனவரிக் கூட்டத்துக்குக் கோரம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் என் கையிலிருந்துதான். பொதுவான சங்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஜெப நோட்டுக்கு ஏன் பணம் என்று கேட்ட உறுப்பினருக்கு என் பதில் இதுதான்: 1978ஆம் ஆண்டு நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. எதிரே இருக்கும் குறிப்பை அவரிடம் மட்டும் காட்டுவேன். வந்து பார்க்கட்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், போன ஆண்டு இருப்பு, சந்தா வரவு, இரண்டு நன்கொடை ஆகியவை சேர்ந்து வெள்ள நிவாரணத்துக்கு அரிசியும் பாயும் வாங்கியது போக, ஸ்கேன் செலவும் போக, கையில் கொஞ்சம்தான் மிச்சம். உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே சந்தா கட்டியிருக்கிறார்கள். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

கட்டடத்தைக் கழுவிவிட உதவிய இளைஞர்களுக்கும், தலைமை ஆசிரியருக்கும், சத்துணவு ஊழியர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், பெட்டியை நம்பிக் கொடுத்த டீச்சர் குடும்பத்தாருக்கும், டீச்சர் வழக்கப்படி இந்தக் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து செய்து தெரு முழுக்கக் கொடுத்த அவருடைய மகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் டீச்சர் பெயரில் நினைவு மலர் கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு பேர் கட்டுரை தருவதாகச் சொன்னார்கள், மூன்று வந்திருக்கிறது. பணம் பற்றாக்குறைதான், ஆனால் எனக்கு முதலில் வேண்டியது பணமல்ல. கரைந்துபோன பக்கங்களில் இருப்பவர்கள் 1955 முதல் 1963 வரை படித்தவர்கள். அவர்களில் பலருக்கு எழுபது வயதுக்குமேல் ஆகிவிட்டது. காதில் சீழ் வடிந்தது யார், அப்பா பனையிலிருந்து விழுந்தது யாருக்கு, ஊமை என்று மற்றவர்கள் சொன்ன பிள்ளை மார்ச் மாதத்தில் ஒரு நாள் பாடியது என்று எழுதியிருக்கிறாரே, அது யார்? அவரவர் வந்து சொன்னால்தான் பெயரைத் திரும்ப எழுத முடியும். உங்கள் அண்ணனோ அக்காவோ அந்த வருஷங்களில் படித்திருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

நோட்டுகள் இப்போது என் வீட்டில், பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டில் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு பென்சில் கொண்டு வாருங்கள்.

இவண்,
செயலாளர்