இரவு நேர மழைத் தகவலைப் பதிவு செய்ய ஆள் அமர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
மழைமானித் தன்னார்வலர்கள்,
வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிகள், வடசென்னை.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்.

பொருள்: இரவு நேர மழை, கால்வாய் நீர்மட்டத் தகவல் பெற ஏற்பாடு கோருதல் – நினைவூட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டதால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. துறைமுகத்து டாப்ளர் வானிலை ரேடார் மேகத்தைப் பார்க்கும். கொருக்குப்பேட்டைத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதை ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2. இரவில் கட்டுப்பாட்டு அறையை அழைத்தால், எங்கள் தகவல் புகாராகத்தான் பதிவாகிறது. குப்பையா, தெருவிளக்கா, கதவு எண் என்ன என்று கேட்கிறார்கள். மழைக்கு ஏது ஐயா கதவு எண்? நாங்கள் சொல்வது நான்கே விவரம்: நேரம், இடம், கடந்த 15 நிமிடத்தில் பெய்த மி.மீ., பாலத்தின் அடிமட்டத்துக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது. எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். விடிந்ததும் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. எதைத் தீர்த்தீர்கள், மழையையா?

ஓட்டேரி நல்லா ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடல் சேர வேண்டும். கடல் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது தண்ணீர் வடியாமல் தேங்கும். வற்றும்போது பெய்தால் வடிந்துபோகிற அதே 50 மி.மீ. மழை, ஏறும்போது பெய்தால் வீட்டுக்குள் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் புயல் வந்தால் இன்னும் மோசம். வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம். அதற்குள் வெள்ளநீர் இறைக்கும் மோட்டாருக்கு டீசல் போட்டு இயக்க வேண்டும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தடுப்பு வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு எடுக்கும் 24 மணி நேரக் கணக்கு வரும்போது எல்லாம் மூழ்கியிருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது தாங்கள் அறியாததல்ல.

3. மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ.; 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. சேரும். 2 லிட்டர் குடுவை 100 மி.மீ.யில் நிரம்பிவிடும். எடுத்து அளந்து திரும்ப வைப்பதற்குள் பெய்வது கணக்கில் வராது. 4 லிட்டர் குடுவை தேவை. புனலை அடைக்கும் புறா எச்சத்தையும் வேப்பிலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

4. பாலத் தூண்களில் அளவுக்கோடுகள் சேற்றிலும் சுவரொட்டியிலும் மறைந்துவிட்டன. 10 செ.மீ.க்கு ஒரு கோடு, டார்ச் பட்டால் மின்னும் பெயின்ட்.

5. மூன்றும் நான்கும் தாமதமானால்கூடப் பரவாயில்லை. இரண்டாவதைச் செய்யுங்கள். சம்பளம் கேட்கவில்லை, அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒரு ஆள், தனி எண், ஒரு பதிவேடு. அந்த ஆள் மோட்டார் இயக்குபவரை நேரடியாக அழைக்கும் அதிகாரம். இவ்வளவுதான் ஐயா. முதல் புயல் சின்னம் உருவாகும் முன் உத்தரவிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மழைமானித் தன்னார்வலர்கள்