'அகிம்சைப் பட்டு' பலகையை ஏன் எடுத்தோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் தொங்கிய 'அகிம்சைப் பட்டு' பலகையை ஆடி கழிந்ததும் கழற்றிவிட்டோம். அலமாரி அப்படியே இருக்கிறது, சேலைகளும் இருக்கின்றன. பெயர் மட்டும்தான் போயிருக்கிறது. சரக்கு வருவது நின்றுவிட்டதா என்று சிலரும், இத்தனை நாள் விற்றது பொய்யா என்று சிலரும் கேட்டீர்கள். கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை.

சாதாரணப் பட்டு எப்படி வருகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும்போதே ஆவியிலோ சூட்டுக் காற்றிலோ அதைக் கொன்று, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள். பூச்சியை வெளியே வரவிட்டால் அது கூட்டின் ஒரு முனையைத் துளைத்துவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடவேண்டிய ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும். ஒரு கிலோ நூலுக்கு ஏறக்குறைய 7 கிலோ கூடு வேண்டும். கிலோவுக்கு 600 கூடு என்று வைத்தால், அரை கிலோ பட்டு போகும் சேலைக்கு ஏறக்குறைய 2,000 உயிர். சேலைக்கு 50,000 என்று ஒரு கணக்கும் உலவுகிறது. எங்கள் தராசில் அது வரவில்லை. 2,000 மட்டும் சின்ன எண்ணா என்ன?

இதற்கு மாற்றாக வந்ததுதான் அகிம்சைப் பட்டு. ஆந்திர அரசின் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்த்த குசும ராஜையா என்பவர் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அம்மாள், புழுவைக் கொல்லாமல் ஒரு பட்டுச் சேலை கிடைக்குமா என்று கேட்டதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். பூச்சி தானாக வெளியே வரும்வரை காத்திருந்து, துளை விழுந்த கூட்டைப் பஞ்சு போல நூற்பார்கள். பளபளப்பு குறையும், மென்மை கூடும். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்குப் போட்டால் அறுந்துகொண்டே இருக்கிறது என்று எங்கள் தறிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் நெய்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே வந்தது?

போன பங்குனியில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே வீகன், அதாவது உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதவர்கள்; பால், தயிர்கூடத் தொடுவதில்லை. ஒருத்தி இந்தச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவள், "இதுவும் பட்டுதானே, கொல்லாமல் எடுத்தால் மட்டும் அது நம்முடையதாகிவிடுமா?" என்றாள். "ஊரே பட்டு கட்டுகிறது, இதிலாவது 2,000 உயிர் பிழைக்கிறதே" என்றாள் முதல் பெண். அரை மணி நேரம் விவாதம் ஓடியது. காபி வாங்கிக் கொடுத்தோம், பால் இல்லாமல். போகும்போது இரண்டாமவள் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வெளியே வந்த பூச்சி அப்புறம் என்ன ஆகிறது, அண்ணா?"

பறந்து போய்விடும் என்றோம். நூல் கொடுப்பவர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். நாங்களும் யோசிக்காமல் உங்களில் எத்தனையோ பேரிடம் அதையே சொல்லியிருக்கிறோம்.

ஆனால் மல்பெரி இலை தின்று வளரும் இந்தப் பட்டுப்பூச்சி பறக்காது. பல ஆயிரம் ஆண்டு மனிதன் வளர்த்ததில் அதற்கு இறக்கை இருந்தும் பறக்க முடியாது. அது எதையும் சாப்பிடுவதும் இல்லை. சில நாட்களில் இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். இதில் நம் கை படவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முட்டைகள்? ஒரு பெண் பூச்சி ஏறக்குறைய 400 முட்டை இடும். ஒரு சேலைக்கான 2,000 கூட்டில் பாதி பெண் என்றால் 4 லட்சம் முட்டை. அத்தனையும் பொரித்தால் தின்ன மல்பெரி இலை டன் கணக்கில் வேண்டும். யாரும் போடப்போவதில்லை. ஒன்று முட்டையை அழிக்கவேண்டும், இல்லை குஞ்சுப்புழு பட்டினியில் சாகும். 2,000 உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு நாம் விற்ற சேலையின் மறுபக்கம் இது. புனேயில் இருக்கும் 'பியூட்டி வித்தவுட் குரூயல்ட்டி' என்ற விலங்குரிமை அமைப்பு அகிம்சைப் பட்டு என்ற பெயரை ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை புழு வளர்க்கும்போதாவது கொலை இல்லையா என்று பார்த்தால், புழு வளர்க்க முட்டை எங்கிருந்தோ வரவேண்டுமே. முட்டை உற்பத்தி நிலையத்தில் தாய்ப்பூச்சி முட்டையிட்டதும் அதை நசுக்கி, பெப்ரின் நோய் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை, இன்றைக்கும் அதுதான். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டைக்குப் போகும் என்பதால் வேறு வழி இல்லை.

ஆமணக்கு இலை தின்னும் 'எரி' என்ற வேறு வகைப் புழுவின் பட்டு தேவலையே என்பீர்கள். அதன் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும், பூச்சி வெளியேறினாலும் நூலுக்கு நட்டமில்லை. உண்மைதான். ஆனால் அசாமில் அந்தக் கூட்டுப்புழு ருசியான உணவு. புழுவை எடுத்துச் சமைத்த பிறகு மிஞ்சிய கூட்டிலிருந்தும் அதே நூல்தான் வருகிறது. நூலைத் தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

அந்தப் பெண்களின் விவாதம் புதியது அல்ல என்று பிறகுதான் புரிந்தது. விலங்குரிமை பேசுகிறவர்களே இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1975-லேயே துன்பத்தை அளவுகோலாக வைத்தார். வேதனை குறைந்தால் அது முன்னேற்றம். இன்னொரு தத்துவ அறிஞர் டாம் ரீகன் 1983-இல் உரிமையை வைத்தார். உயிரைக் கருவியாக வைத்துக்கொள்வதே தவறு, நன்றாக நடத்தினாலும் தவறுதான். ஆனால் ரீகன் தன் வாதத்தைக் கட்டியது ஒரு வயது தாண்டிய பாலூட்டிகளை முன்னிறுத்தி. புழு எந்தப் பக்கம் என்பதில் அவர் வழி வந்தவர்களிடமே ஒருமித்த பேச்சு இல்லை. வீகன் என்ற சொல் 1944-இல் பிறந்த இங்கிலாந்துச் சங்கம், தன் விளக்கத்தில் 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்று ஒரு வரி வைத்திருக்கிறது. சண்டை முழுக்க அந்த 'இயன்றவரை'க்குள்தான் நடக்கிறது. காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு முகூர்த்தத்துக்கே பருத்திச் சேலை எடுக்கும் குடும்பங்களும் எங்களிடம் வருகின்றன. வீகன் என்ற வார்த்தையையே அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் குழப்பமும் இல்லை.

பாலியெஸ்டர் 'பட்டு' விற்றுவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். துவைக்கத் துவைக்க அதிலிருந்து கழியும் பிளாஸ்டிக் இழை கடைசியில் மீன் வயிற்றுக்குத்தான் போகிறது. எங்கள் தறியும் நின்றுபோகும். அது வேண்டாம்.

ஆகவே அந்த அலமாரியில் இனி 'கைநூற்புப் பட்டு' என்று எழுதியிருக்கும். நூல் எடுக்கும்போது புழுவை வேகவைக்கவில்லை. அதை மட்டும் சீட்டில் அச்சிட்டிருக்கிறோம், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. விலை மாறவில்லை. அது கூடுதலாக இருப்பது நூல் குறைவாகத் தேறுவதாலும் கையால் நூற்பதாலும்தான். புழுவே வேண்டாம் என்பவர்களுக்குப் பருத்தியில் கோர்வைக் கரை (உடலோடு கோத்து நெய்யும் வேறு நிறக் கரை) வைத்து நெய்யச் சொல்லியிருக்கிறோம். ஜரிகை போட்டும் போடாமலும், ஐப்பசி முதல் வாரத்தில் வந்துவிடும்.

பழைய பலகையை நம்பி வாங்கியவர்கள் மன்னிக்கவேண்டும். உடுத்தாத சேலை என்றால் ரசீதோடு கொண்டுவாருங்கள், முழுப் பணமும் தருகிறோம். உடுத்திவிட்டீர்கள், ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால் அதற்கும் வாருங்கள், பேசிக்கொள்ளலாம். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் வந்தால் உட்கார நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்