அது திமிங்கலம்தான்: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கல் கொட்டிய கரையில் கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கும் இடத்தில் சென்ற வாரம் ஒதுங்கிய சடலத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'ரோமம் மூடிய ராட்சத உருவம்', 'மனிதக் கை', 'ஆழ்கடல் மர்மம்' என்று மாலை முழுவதும் திரையில் ஓடவிட்டவர்கள் நீங்கள். நான் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள். அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: கரையில் எது ஒதுங்கினாலும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு ஒளிபரப்புங்கள்.

கேட்பதற்கு அங்கே ஆள் இல்லாமல் இல்லை. உங்கள் செய்தியாளர் மைக்கோடு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "இது திமிங்கலம். செத்துப் பல நாள் மிதந்து வந்திருக்கிறது." கேமரா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் அருகில் போய்ப் பார்த்தேன். ரோமம் என்று நீங்கள் காட்டியது கொலாஜன் நார், அதாவது உடல் திசுக்களுக்கு வலுவூட்டும் புரத நார். தோல் உரிந்து, கொழுப்பு அழுகிக் கரைந்தபின் மிஞ்சுவது அது. அலை அலசி அலசி அதை வெள்ளைச் சடையாகப் பிரித்துவிடுகிறது. குச்சியால் விலக்கினால் மயிர்க்கால் எதுவும் தெரியாது. உள்ளேயிருந்து நார் நாராகத்தான் வரும். 'மனிதக் கை' திமிங்கலத்தின் துடுப்பு. சதை போனபின் உள்ளேயிருக்கும் விரல் எலும்புகள் தெரிந்திருக்கின்றன. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனிதக் கை, வௌவால் இறக்கை, திமிங்கலத் துடுப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி, "டிவியில் ஏன் அப்படிச் சொன்னார்கள்?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வி உங்களுக்கு உரியது.

இப்படி ஏமாந்தது நாம் மட்டுமல்ல. 1977இல் நியூசிலாந்துக்கு அப்பால், 'சூயோ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் நீண்ட கழுத்துள்ள ஒரு சடலம் சிக்கியது. டைனோசர் காலத்து நீள்கழுத்துக் கடல் விலங்கான பிளீசியோசர் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஜப்பானே பரபரத்தது. எடுத்துவைத்த நாரைச் சோதித்தபோது அது பாஸ்கிங் சுறாவோடு ஒத்துப்போனது. அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுள்களும் முதலில் கழன்று விழுந்து, சிறிய மண்டையும் நீண்ட முதுகெலும்பும் மிஞ்சும். அதுதான் கழுத்தாகத் தெரிந்தது. 2003இல் சிலி நாட்டுக் கரையில் ஒதுங்கிய சதைக் குவியலை ராட்சத ஆக்டோபஸாக இருக்கலாம் என்றார்கள். மறு ஆண்டு மரபணுச் சோதனை அதை ஸ்பெர்ம் திமிங்கலம் என்று காட்டியது. பரபரப்பு போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இந்த முடிவுகள் போய்ச் சேரவில்லை.

அன்று இரவு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். 'இது சுனாமிக்கு முன்னறிவிப்பா?' என்று ஒன்பது மணிச் செய்தியில் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டீர்கள். பத்து மணிக்குள் எங்கள் தெரு காலியாகிவிட்டது. கைக்குழந்தைகளையும், எழுந்து நடக்க முடியாத முதியவர்களையும் தூக்கிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் போய் உட்கார்ந்தோம். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது. தூங்கும் பிள்ளை உருண்டு சாலைக்குப் போய்விடக் கூடாதென்று, அதன் காலில் முந்தானையைக் கட்டிக்கொண்டு விழித்திருந்தார்கள் தாய்மார்கள். 2004இல் மகளைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அம்மாள் என் பக்கத்தில் இருந்தார். ரேஷன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். "அலை வராது அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். "அன்றைக்கும் வருமென்று யாரும் சொல்லவில்லையே, டீச்சர்" என்றார். நான் வாயடைத்துப்போனேன்.

அவருக்கான பதில் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2004இல் இல்லாத சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இரவு பகலாக இயங்குகிறது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் அறிவித்துவிடும். அன்றிரவு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. ஆழ்கடல் மீன் கரைக்கு வந்தால் நிலநடுக்கம் வரும் என்ற ஜப்பானிய நம்பிக்கையை அந்நாட்டு ஆய்வாளர்களே பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தொடர்பு இல்லை என்று 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வரியைத் திரையில் போட்டிருந்தால் நாங்கள் வீட்டில் படுத்திருப்போம். கேட்டுவிட்டு ஒளிபரப்புங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

உண்மையான ஆபத்தும் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியது. 2025 தொடக்கத்தில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. சில நாள் காட்டினீர்கள், பிறகு மறந்தீர்கள். இந்தத் திமிங்கலம் ஏன் செத்தது? கப்பல் மோதியா, வலை சுற்றியா, நோயிலா? கேட்க வேண்டிய கேள்வி அதுவல்லவா? வனத்துறையினர் மாதிரி எடுத்துக்கொண்டு பொக்லைன் வைத்துப் புதைத்த அன்று, திமிங்கலம்தான் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது அங்கே ஒரு கேமராகூட இல்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சாந்தோமில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். உடனே விடை கிடைக்காவிட்டால், ஆய்வு நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். முடிவு தெரிந்ததும் அதே நேரத்தில், அதே அளவில் அதையும் காட்டுங்கள்.

முதல் வேலையாக, இந்த வாரமே ஒன்பது மணிச் செய்தியில், ஒதுங்கியது திமிங்கலம் என்றும் அன்று சுனாமி எச்சரிக்கை எதுவும் இல்லை என்றும் தயவுசெய்து சொல்லுங்கள். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் இன்னும் தண்டையார்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கின்றன. நான் சொன்னால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். நீங்கள் சொன்னால் வருவார்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் கடலோரத்து ஆசிரியை